சூரியனில் விழுந்த கலம்

காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் மணிக்கட்டிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறு. விரல் நுனியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றில் பாதியை மறைக்குமாறு மேலேற வேண்டும். முடிச்சு காயத்தின்மேல் அமையலாகாது. என் கையால் போட்ட கட்டு தானாக அவிழ்ந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பரஞ்சோதியின் வலது கட்டைவிரலில் நான் போட்ட கட்டும் கடைசிவரை அவிழவில்லை. பெரிய மருத்துவமனையில் அதைக் கத்தரித்த தாதி, இத்தனை நேர்த்தியாகக் கட்டியவர் யார் என்று கேட்டாளாம். அவனுடைய மனைவி புஷ்பவள்ளிதான் இதை என்னிடம் சொன்னாள்.

தமிழிலேயே சொல்லலாம் என்று இசைந்தமைக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அவர்களே. தட்டச்சு செய்கிறவருக்குச் சிரமம் இராதபடி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

என் பெயர் வால்டர். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்குத் தையல், எல்லாவற்றுக்கும் ஊசி என்பது என் வேலை. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து போவார். மற்ற நாள்களில் தோட்டத்தாருக்கு நானே டாக்டர். சுங்கைப் பட்டாணி பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானாலும் நான் எழுதும் சீட்டு இல்லாமல் தோட்டத்து வண்டி புறப்படாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஞானப்பாடல்களை எடுத்துக் கொடுப்பவனும் நானே. மாதாவின் திருநாளுக்கு ஆண்டுதோறும் ஒரு பதிகம் இயற்றுவேன். அதில் தளை தட்டியதில்லை. பூசைக்கு வந்தவர்கள் கேட்டுத் தலையசைப்பார்கள். அசைக்க வேண்டிய இடம் எதுவென்று அறியாமல் அசைப்பார்கள். அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை.

வியப்போடு என்னை நோக்கிய கண்களை நான் முதன்முதலில் கண்டது ஆலயத்தில் அல்ல. பீடோங்கில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள காப்பிக்கடையில்.

எண்பத்து மூன்றாம் ஆண்டில் அக்கடை முதலாளியான தவுக்கே பின்கட்டில் ஒரு விண்போர்ப் பெட்டியை இறக்கினார். பையன்கள் அதை வெறுமனே ‘கேம்’ என்பார்கள். அலமாரியளவு பெட்டி, அதில் ஒரு கண்ணாடித் திரை, அதன்முன் இருவர் தோளோடு தோள் உரச நின்று ஆட வேண்டும். திரையில் ஆளுக்கொரு விண்கலம். கலத்தைத் திருப்ப இடக்கைக்கு ஒரு பிடி. வலக்கைக்கு இரண்டு பொத்தான்கள்: ஒன்று கலத்தை முன்னே உந்துவதற்கு, மற்றொன்று சுடுவதற்கு. இரு கலங்களுக்கும் நடுவே ஒரு சூரியன். அது ஒளிர்வதோடு நில்லாமல் இரண்டையும் ஓயாது தன்பால் இழுத்துக்கொண்டிருக்கும். உந்தாமல் வாளாவிருந்தால் கலம் மெல்லச் சாய்ந்து, அதனுள் விழுந்து எரிந்துபோகும். வென்றவர் நிற்பார், தோற்றவர் விலகி அடுத்தவருக்கு இடம் விடுவார். இதுவே அங்கு முறை.

முதலில் நானும் எல்லோரையும்போலத் தோற்றேன். பின்னர் கற்றேன். எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் என் பக்கத்து நியாயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பிற்பகலில் மருந்தகம் ஓய்ந்திருக்கும் வேளையில், மேசை நடுவே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைப்பேன். அது சூரியன். இரண்டு மாத்திரைக் குப்பிகள் கலங்கள். அவற்றைத் தட்டைச் சுற்றி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். தன் கலத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன் தோற்பான், எதிரியின் மூக்கைப் பார்ப்பவன் வெல்வான் என்பது முதலில் புலப்பட்டது. விரைந்து துரத்துகிறவனின் வளைவு அகன்றுபோகும். விரைவைக் குறைத்தவனே உள்வட்டத்தில் திரும்பி எதிரியின் பின்புறத்தை அடைவான் என்பது அதன் பின்னர். எதிரி இருக்கும் இடத்தை நோக்கிச் சுடுவது வீண். அவன் வந்து சேரப்போகும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். அடுத்த அடியின் எதுகையை முன்னமே கண்டுவைக்காதவனுக்குச் செய்யுள் வராது, அதுபோலத்தான் இதுவும். தப்பிக்க வழியற்ற நேரத்தில் சூரியனை ஒட்டிச் சென்று, அதன் இழுப்பையே கவண்போலக் கொண்டு வெளியே பாயலாம் என்பதை மட்டும் கற்றுத் தேற எனக்கு ஒரு பருவமழைக் காலம் முழுதும் ஆயிற்று.

அதன்பின் நான் தோற்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் நான் கடைக்குள் நுழைந்தால் பையன்கள் வழிவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் குழந்தைவேலு வாசலுக்கு ஓடி மற்றவர்களைக் கூப்பிடுவான்.

“டேய், டிரஸ்ஸர் ஐயா நிக்கிறாரு. வந்து பாருங்கடா. ஐயா யாரையும் விடமாட்டாருலா!”

அது போதுமாயிருந்தது எனக்கு. அதற்கு மேல் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

மறு ஆண்டு மெர்போக்கிலிருந்து மாற்றலாகி வந்தான் பரஞ்சோதி. லாரி ஓட்டுநர், செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிச் செல்பவன். நல்ல உடம்பு, உரத்த சிரிப்பு, தலை நிறைய எண்ணெய். பெட்டியின்முன் அவன் முதன்முதலாக நின்ற நாளில் நானே அவனுக்கு எதிரில் இருந்தேன். அதற்குமுன் அப்படி ஒன்றை அவன் கண்டதில்லை. எது சுடும், எது உந்தும் என்று குழந்தைவேலுவைக் கேட்டான். முதல் ஆட்டத்தில் நான் வென்றேன். இரண்டாவதில் நெடுநேரம் போராடி வென்றேன். மூன்றாவதிலிருந்து எனக்கு வெல்ல வாய்க்கவில்லை.

“எங்கே கற்றாய்?” என்று கேட்டேன்.

“கத்துக்கிறதுக்கு என்னங்கய்யா இருக்கு? சும்மா வருது” என்றான். வாயில் வாழைப்பழப் பொரியல் இருந்தது. பிறகு என் தோளைத் தொட்டு, “அபிஸ் ஐயா, உங்க கப்பல் அபிஸ், தீந்துச்சு! பாட்டுப் பாடிக்கிட்டே சுட்டீங்களா? குண்டு தாளம் போட்டுக்கிட்டு மெதுவா வருதே!” என்றான்.

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதை அழுக்காறு என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அச்சொல்லின் பொருளை நான் நன்கறிவேன்; அதை ஒவ்வொரு தவக்காலத்திலும் ஆராய்ந்து பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி வந்தவன். அழுக்காறு உடையவன் பிறரிடம் உள்ளதைத் தான் விரும்புவான். நான் அவனுடையதை விரும்பவில்லை. உழைத்தவனுக்கு உரியது உழைக்காதவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அது உரிய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டுமே விரும்பினேன்.

அவன் கெட்டவனும் அல்லன். கெட்டவனாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மாதா திருநாளில் சப்பரத்தை ஏற்றிச் செல்லத் தன் லாரியைக் கழுவித் தென்னங்குருத்தால் தோரணம் கட்டிக் கொண்டுவந்தான். நெற்றியில் திருநீற்றோடு வண்டியை அங்குலம் அங்குலமாக ஓட்டினான். என் பதிகத்தைக் கேட்டுவிட்டு, “ஒண்ணும் புரியலய்யா, ஆனா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது” என்றான். அன்று ஊர்வலத்தில் பெண்கள் மாதாவைப் பார்த்த நேரத்தைவிட லாரியைப் பார்த்த நேரமே மிகுதி.

பெட்டியருகே சிறு பிள்ளைகள் வந்து கெஞ்சினால் அவர்களோடும் ஆடுவான். அப்போது கடைசியில் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவான். அவன் கலம் அவசரமின்றிச் சாய்ந்து சாய்ந்து சூரியனில் விழும். “ஐயோ, சூரியன் கூப்பிட்டுருச்சே!” என்று தலையில் அடித்துக்கொள்வான். பிள்ளைகள் தாங்களே வென்றதாகக் கூத்தாடுவார்கள். எனக்கு அவ்வழக்கம் பிடித்ததில்லை. வெற்றி என்பது பிச்சையாகக் கொடுக்கும் பண்டம் அன்று.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று போட்டி வைப்பதாகத் தவுக்கே அறிவித்தார். வெல்கிறவரின் பெயரைப் பெட்டியின் நெற்றியில் சிவப்புச் சாயத்தால் எழுதுவார். பெட்டி இருக்கும்வரை பெயரும் இருக்கும். கடைசி ஆட்டத்தில் யார் யார் எதிர்நிற்பார்கள் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இல்லை. யார் வெல்வார் என்பதிலும் இல்லை. சாயம் வாங்குமுன்னரே, அந்தப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று குழந்தைவேலு தவுக்கேக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அது என் பெயர் அன்று.

அச்சமயத்தில்தான் பரஞ்சோதியின் வலது கட்டைவிரலில் செம்பனை முள் ஏறியது. அந்த முள்ளின் குணம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே போய் ஒடிந்துகொள்ளும், தொட்ட இடம் பழுத்துவிடும். உந்துபொத்தானை அவன் அழுத்துவது அந்த விரலால்தான். மருந்தகத்து நாற்காலியில் அமர்ந்து அவன் அதை என் முன் நீட்டியபோது, இத்தனை பெரிய கைக்குள் அது இத்தனை சிறியதாக இருக்கிறதே என்று எண்ணினேன்.

முள்ளை எடுத்தேன். முழுவதையும் அல்ல, வெளியே தெரிந்ததை மட்டும் எடுத்தேன். கழுவினேன். கட்டினேன்.

“ஊசி போடுங்கய்யா. ஊசி இல்லாம எப்படி ஆறும்?” என்றான்.

தோட்டத்தாருடைய நம்பிக்கை அது. மாத்திரையை அவர்கள் மருந்தாகவே மதிப்பதில்லை. ஊசி ஏற வேண்டும், ஏறிய இடம் கடுக்க வேண்டும். கடுத்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பார்கள். ஆகவே நோயில்லாமல் ஊசி கேட்டு வருகிறவர்களுக்காக டிரஸ்ஸர்களிடையே ஓர் ஏற்பாடு உண்டு. பெனிசிலின் பொடியைக் கரைக்கத் தூய நீர் அடைத்த சிறு குப்பிகள் வரும். பொடியைச் சேர்க்காமல் அந்நீரை மட்டும் ஏற்றிவிடுவோம். வெறும் நீர் தசைக்குள் நன்றாகவே கடுக்கும். அவர்கள் மகிழ்ந்து போவார்கள். தண்ணீர் ஊசியால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை. அவர்களுக்கு நோய் இல்லாததால்.

பரஞ்சோதிக்கு நான் தண்ணீர் ஊசி போட்டேன்.

“அம்மாடி, கடுக்குதுங்கய்யா. இதுதான் பவர் ஊசி” என்று புட்டத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

என் நோக்கம் அளவானது. போட்டி நாள்வரை விரல் விறைத்திருக்க வேண்டும், அவ்வளவே. அதன்பின் மெய்யான மருந்தைக் கொடுத்து ஆற்றிவிடுவதாக இருந்தேன். அதற்கென்று அவன் பங்குக் குப்பிகளைத் தனியே எடுத்தும் வைத்தேன். நாள்தோறும் அவன் வந்தான். நாள்தோறும் கழுவிக் கட்டினேன். நாள்தோறும் நீரை ஏற்றினேன். அவனிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. “ஊசி போட்டுட்டேன்” என்பேன். போட்டிருந்தேன். மாலைச் செபமாலையில் ஒரு மணியை அவன் விரலுக்காகவும் உருட்டினேன்.

புஷ்பவள்ளி ஒருநாள் தனியே வந்தாள். “கை வீங்கிட்டே போகுதுங்கய்யா. ராத்திரியெல்லாம் அனத்துறாரு. எஸ்.பி. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தாங்களேன்.”

“எழுதித் தரேம்மா, அதுல என்ன இருக்கு” என்றேன். “ஆனா அங்க போனா முதல்ல விரலத்தான் எடுப்பாங்க. விரல் போயிட்டா லாரிய யாரு ஓட்டுறது? என் கையில இருக்கட்டும்.”

அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

போட்டியன்று பூசை முடிந்து நான் பீடோங் போய்ச் சேர்ந்தபோது கடையில் நிற்க இடமில்லை. பரஞ்சோதி சட்டைக்குமேல் சட்டை அணிந்து வந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. என் கட்டு மட்டும் வெண்மையாக இருந்தது.

“அண்ணே, காய்ச்சல் கொதிக்குது, எதுக்கு இப்ப? அடுத்த வாரம் வெச்சுக்கலாம்லா” என்றான் குழந்தைவேலு.

“போடா, ஐயாவே ஆடலாம்னு சொல்லிட்டாரு. அவரு போலே, முடியும்னா முடியும்தான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆடலாம் என்று தலையசைத்தேன்.

ஐந்து ஆட்டங்கள், மூன்றை முதலில் வெல்பவருக்கு வெற்றி. கட்டைவிரலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற இரு விரல்களால் இரு பொத்தான்களையும் அழுத்தி ஆடினான். அப்படியும் முதல் ஆட்டம் அவனுக்கு. அடுத்த இரண்டும் எனக்கு. நான்காவது மீண்டும் அவனுக்கு. ஐந்தாவதில் நான் என் கல்வி முழுவதையும் திரட்டி ஆடினேன். விரைவைக் குறைத்து உள்வட்டத்தில் திரும்பினேன், அவன் நழுவினான். சூரியனை ஒட்டிச் சுழன்று பாய்ந்தேன். அவன் எனக்குப் பின்னால் இருந்தான். அவன் சுட்டிருக்கலாம். சுடவில்லை. அவன் கலம் உந்துவிசை இழந்து, அவசரமின்றிச் சாய்ந்து சாய்ந்து சூரியனில் விழுந்தது.

“அபிஸ் ஐயா” என்றான். “சூரியன் கூப்பிட்டுருச்சு.” அவன் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் புன்னகை என்று கண்டுகொண்டேன்.

தவுக்கே என் பெயரை எழுதினார். குழந்தைவேலு என்னைத் தூக்கிச் சுற்றினான்.

அன்று மாலை கட்டு மாற்ற வந்தான். நான் சொன்ன சொல் தவறாதவன். அவன் பங்குப் பெனிசிலின் குப்பியை எடுத்து, அதன் தகர மூடியை நெம்பக் கத்தரியைக் கையில் எடுத்தேன். அப்போது அவன், “கை ஆறட்டுங்கய்யா. அப்புறம் நாம ரெண்டு பேரும் ஒழுங்கா ஒரு ஆட்டம் போடுவோம். இன்னிக்கு ஆடினதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்றான்.

கத்தரியைத் தட்டில் வைத்தேன். குப்பியை அலமாரியில் வைத்தேன். நீரை ஏற்றினேன்.

அதன்பின் கணக்கு வேறாயிற்று. விரல் ஆறினால் இன்னோர் ஆட்டம் வரும். ஆகவே விரல் ஆறலாகாது. இதில் பகை ஏதுமில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று முறையாகத் தொடர்ந்தது. முழங்கைவரை சிவப்புக் கோடு ஏறியதைக் கண்டேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். அக்குளில் நெறி கட்டியதையும் தடவிப் பார்த்தேன். புஷ்பவள்ளி மறுபடியும் சீட்டுக் கேட்டாள். மறுபடியும் விரலைப் பற்றிச் சொன்னேன். ஒரு காலையில் அவன் யாரையும் அடையாளம் காணாமல் என்னைத் தன் தாயின் பெயர் சொல்லி அழைத்தான். தோட்டத்து மேனேஜர் சீட்டுக்குக் காத்திராமல் தம் காரிலேயே ஏற்றிச் சென்றார். அன்று இரவு தாண்டுமுன் இறந்துபோனான். இரத்தத்தில் நஞ்சு பரவிவிட்டது, பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்றார்களாம்.

என்னை ஒருவரும் ஐயுறவில்லை. தினமும் கட்டுப் போட்ட மனிதர் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். பதினாறாம் நாள் சடங்கிலும் முன்னால் நாற்காலி போட்டு அமர்த்தினார்கள். யாரும் கேளாமலே அவனுக்காக ஓர் இரங்கற்பா இயற்றிச் சென்றிருந்தேன்; குறையற்ற பா. அதைப் பாடி முடித்ததும் புஷ்பவள்ளி காப்பி கொண்டுவந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஐயாகிட்ட ஒண்ணு சொல்லணுங்க” என்றாள். “போட்டி முடிஞ்சு வந்த அன்னிக்கு அவருக்கு ஒரே சிரிப்பு. ‘ஐயாவுக்கு விட்டுக் குடுத்துட்டேன் புஷ்பா. பாவம், அந்தப் பொட்டி மேல உசிரையே வெச்சிருக்காரு. தினமும் என் சீழைக் கழுவுற மனுசன், அவருக்கு நான் வேற என்னத்தக் குடுக்கிறது’ன்னாரு. நீங்க அன்னிக்குச் சந்தோசப்பட்டத சொல்லிச் சொல்லி சிரிச்சாருங்கய்யா.”

பக்கத்திலிருந்த குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு அப்பவே தெரியும்க்கா. சின்னப் பிள்ளைங்களுக்கு விடுற மாதிரியேதான் விட்டாரு” என்றான்.

மறுநாளே அது தோட்டம் முழுதும் பரவிவிட்டது. நேற்றுக் காப்பிக்கடைக்குப் போனேன். பையன்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஆனால் அவர்கள் பார்வை வேறாக இருந்தது. பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அன்பாக இருந்தது. பெட்டியின் நெற்றியில் என் பெயரை ஒருவன் காட்ட, மற்றொருவன் பரஞ்சோதி அண்ணனின் நல்ல மனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆகவேதான் இங்கு வந்தேன். பாவம் உறுத்தியிருந்தால் ஃபாதரிடம் போயிருப்பேன். அங்கே சொல்வது வெளியே வராது. இது வெளியே வர வேண்டும். மருந்தகத்து அலமாரியின் மேல்தட்டில், சிற்றாலயத்து மெழுகுவத்திப் பெட்டிக்குப் பின்னால், அவனுடைய பெனிசிலின் குப்பிகள் அனைத்தும் மூடி திறவாமல் இருக்கின்றன. மருந்தை வீணாக்கலாகாது என்பதால் எறியவில்லை. அவற்றைச் சான்றாகக் கொள்ளுங்கள். நீரை மருந்தென்று ஏற்றினேன், சீட்டை மறுத்தேன், பரஞ்சோதியைக் கொன்றேன். நீதிமன்றத்தில் புஷ்பவள்ளியும் குழந்தைவேலுவும் கேட்கும்படி இதை வாசிக்க வேண்டும். அந்தக் கையை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். அந்தக் கையோடு அவனால் வெல்ல இயலவில்லை. இயலாதவன் விட்டுக்கொடுத்ததாகச் சொல்வது பொருந்தாது.

அதே கையால்தானே அதே நாளில் இரண்டு ஆட்டங்களை வென்றான் என்று தாங்கள் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியை மட்டும் தட்டச்சில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.